ஜன்னலுக்கு இரண்டு ஆள்

பயணநாள் 31, காலை 07:10

காற்று வடக்கிலிருந்து, மெதுவாக, சீராக. வெளியே மைனஸ் நூற்று எண்பது பாகை, உள்ளே பதினாறு. பாய் இரண்டும் நலம். சோதனைக்குக் கடலடி மாதிரி ஒன்று எடுத்து உறையிலிட்டேன். மதியம் ஆழம் அளக்க வேண்டும்.

பின்னால் யார் எடுத்துப் படித்தாலும் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்பது நிலையத்தின் சட்டம். இங்கே வந்து எவன் படிக்கப் போகிறானோ. சரி, எழுதித் தொலைக்கிறேன். இது டைட்டன், சனியின் பெரிய நிலா. இங்கே கடல் உண்டு, தண்ணீர் கிடையாது. நம்மூர் சாண எரிவாயு அடுப்பில் எரியும் மீத்தேன்தான் இங்கே குளிரில் திரவமாகிக் கடலாகக் கிடக்கிறது. அதன்மேல் இரண்டு பாய்மரப் படகுகள். இது கொண்டல். ஓட்டுவது ரொசிட்டா மச்சாது, தூத்துக்குடிக்காரி. இன்னொன்று கச்சான். ஓட்டுவது கொம்பையா, பாளையங்கோட்டைக்காரன். எனக்கு நாலு வயது இளையவன். ஒன்பது வருடமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறோம். வாய் நிறைய அக்கா என்பான், சொன்ன பேச்சை மட்டும் கேட்க மாட்டான். இப்போது எனக்குக் கிழக்கே ஒன்றரை நாள் ஓட்டத்தில் இருக்கிறான். எங்கள் நிலையம் மேற்குக் கரையில், இங்கிருந்து நாலு நாள் ஓட்டம்.

இரண்டு படகிலும் பக்கத்துக்கு ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன். தனியாக இருக்கும் ஆளின் மனநலத்துக்காம். வெளியே பார்த்தால் ஆரஞ்சு மூட்டம். நேற்றும் அதுதான், இன்றும் அதுதான்.

பயணநாள் 33, காலை 09:40

மீத்தேன் உணரி கத்தியது. அறைக் காற்றில் இரண்டு சதவீதம். சூடேற்றியை அணைத்தேன், அறைக் காற்றை வெளியே தள்ளிவிட்டுப் புதிதாக நிரப்பினேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி இரண்டு.

நான் மூச்சு விடுகிற காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. அதோடு மீத்தேன் ஐந்து சதவீதம் சேர்ந்துவிட்டால் ஒரு சின்னப் பொறி போதும். அப்புறம் படகும் இல்லை, நானும் இல்லை.

கசிவைக் கண்டுபிடித்தேன். இடப்பக்க ஜன்னல், கீழ் மூலை. சட்டத்துக்கும் படகின் உடலுக்கும் நடுவில் வைத்த பசை வெடித்திருக்கிறது. கடல் அலம்பும்போது ஒரு துளி உள்ளே வருகிறது, தரையைத் தொடுமுன் ஆவியாகிறது. ஒரு தம்ளர் உள்ளே வந்தால் அறுநூறு தம்ளர் வாயு.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன். காற்று மாதக்கணக்காக வடக்கிலிருந்துதான் அடிக்கிறது, இனியும் அப்படித்தான். கிழக்கே ஓடினால் படகு வலப்பக்கம் சாயும். இடப்பக்க ஜன்னல் மேலே தூக்கிக்கொள்ளும், சொட்டுக்கூட வராது. மேற்கே, நிலையத்துக்கு, ஓடினால் படகு இடப்பக்கம் சாயும். ஜன்னல் முழுக்கக் கடலுக்குள் இருக்கும். இந்தக் கசிவை வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர முடியாது.

பயணநாள் 34, மாலை 16:20

கெடுத்துவிட்டேன்.

ஜன்னல் சட்டத்தைப் பன்னிரண்டு போல்ட் பிடித்திருக்கிறது. போல்ட்டின் தலை வெளியே, நட்டு உள்ளே. வெளியே ஒருவர் நின்று போல்ட்டைத் திருக வேண்டும். உள்ளே ஒருவர் நட்டு கூடவே சுற்றாமல் ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை வரைந்த மகராசனுக்குப் படகில் ஒரே ஆள்தான் என்பது மறந்துபோயிருக்கிறது.

விண்ணுடை போட்டுக்கொண்டேன். அறைக் காற்றை வெளியேற்றினேன். சட்டத்தைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை தடவி, சட்டத்தைத் திரும்பப் பொருத்தினேன். உள்ளே ஸ்பேனரை நட்டில் மாட்டி, கயிற்றால் பக்கத்தில் படகுச் சுவரைத் தாங்கும் விலாக்கட்டையில் கட்டிவிட்டு வெளியே போய்த் திருகினேன். மூன்று போல்ட் ஏறியது. நாலாவதில் ஸ்பேனர் நழுவியது. உள்ளே போய்க் கட்டினேன், வெளியே வந்தேன், நழுவியது. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. ஏழெட்டுத் தடவை ஆனதும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ஏறிய மூன்றையாவது உருப்படியாகப் போடுவோம் என்று முழு மூச்சாக இறுக்கினேன். பசை இறுகுமுன் போல்ட்டை முழுக்க இறுக்கக்கூடாது. இறுக்கினால் பசை பிதுங்கி வெளியே வந்துவிடும், இடுக்கில் ஒன்றும் மிஞ்சாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். பசை பிதுங்கி வழிந்தது. ஒரு போல்ட்டின் தலையும் முறிந்தது.

பசை டப்பா காலி. பழைய துணியை மெழுகில் தோய்த்து மூலையில் அடைத்து வைத்திருக்கிறேன். படகு நிமிர்ந்து நின்றால் கசிவைச் சமாளிக்கலாம். மேற்கே ஓட முடியாது.

கச்சானுக்கு வானொலியில் அனுப்பியது:

"ஏல கொம்பையா, ரொசிட்டா பேசுதேன். இடப்பக்க ஜன்னல் ஒழுகுது. தனியாப் போட்டுப் பாத்தேன், நாசமாப் போச்சு. பசையும் தீந்துட்டு. ஒன் பசைய எடுத்துட்டு வா. நட்டப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

பயணநாள் 36, காலை 08:05

பதில் வந்துவிட்டது. இங்கே மேலிருந்து தார் மாதிரி ஒரு பிசின் ஓயாமல் விழுந்து ஏரியலில் படிகிறது. அதனால் பாதிக்கு மேல் இரைச்சல். கேட்ட மட்டும் எழுதுகிறேன்.

"ரொசிட்டாக்கா… ஆக்சிஜன்… வாரேன்."

மூன்று சொல். போதும், புரிந்துவிட்டது. அறைக் காற்றைத் திரும்பத் திரும்ப வெளியே தள்ளி நான் ஆக்சிஜனைக் கரைத்துக்கொண்டிருப்பேன் என்று யோசித்து, அதையும் சேர்த்து எடுத்து வருகிறான். ஒரு தடவையாவது மூளையை உபயோகித்தானே, வாழ்க.

பாய்களைச் சுருட்டிவிட்டேன். நின்ற இடத்திலேயே நின்றால்தான் இந்த மூட்டத்தில் அவனுக்கு என்னைக் கண்டுபிடிப்பது சுலபம். எப்படிப் பார்த்தாலும் நாளை மாலைக்குள் வந்துவிடுவான்.

பயணநாள் 38, மதியம் 12:30

வரவில்லை.

மீத்தேன் மூன்று. சூடேற்றியைப் பாதி நேரம் அணைத்தே வைத்திருக்கிறேன். உள்ளே நாலு பாகை. விரல்நுனி மரத்துப் போகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

முறிந்த போல்ட்டைத் துளையிலிருந்து எடுத்துவிட்டேன். சட்டத்தைச் சுற்றிலும் பிதுங்கி வழிந்த பசையைச் சுத்தமாகச் சுரண்டியும் வைத்தாயிற்று. அவன் வந்து நட்டைப் பிடித்தால் அரை நாள் வேலை.

கச்சானுக்கு அனுப்பியது:

"என்னல, ஒன்றரை நாள் ஓட்டத்துக்கு இவ்வளவு நேரமா? வழியில மீன் பிடிக்கியோ?"

பதில் இல்லை.

பயணநாள் 39, காலை 10:15

கச்சானுக்கு அனுப்பியது:

"கொம்பையா, வெளாடாத. எனக்கு இங்க கை காலெல்லாம் வெறச்சுக் கெடக்கு. எங்க நிக்கன்னு சொல்லு."

பதில் இல்லை. அவன் ஏரியலிலும் பிசின் படிந்திருக்கும். துடைத்துத் தொலைக்கத் தோன்றாது அவனுக்கு. ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பயணநாள் 40, மாலை 17:00

கச்சானுக்கு அனுப்பியது. என்ன கோபத்தில் இருந்தேன் என்று தெரியட்டும், அப்படியே எழுதுகிறேன்:

"வாரேன்னு சொன்னியேல, எங்கல போய்த் தொலஞ்ச? வர முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லணும். வாரேன்னு ஒரு வார்த்தையச் சொல்லிட்டு மனுசிய இப்படிக் காக்கப் போடுதியே, நீயெல்லாம் ஒரு மனுசனா? நான் செத்தா ஒன்னாலதான் செத்தேன்னு எழுதி வச்சிட்டுத்தான் சாவேன், பாத்துக்க."

பயணநாள் 42, காலை 11:20

செய்திக்கோள் ஆறு நாளைக்கு ஒருமுறைதான் எங்கள் தலைக்கு மேலே வரும். இன்று வந்தது. நிலையத்தில் வானொலி பார்க்கும் சுயம்பு பேசினான். கோள் நேர் மேலே இருந்தால் இரைச்சல் இருக்காது.

"அக்கா, சுயம்பு பேசுதேன். நீங்க ஏன் இன்னும் அதே எடத்துல நிக்கீங்க? கொம்பையாண்ணன் கூப்பிட்டது ஒங்களுக்குக் கேக்கலியா? கோள்ல பதிவாகி எங்களுக்கு இன்னைக்குத்தான் வந்து சேந்துச்சு. முழுசும் அனுப்புதேன், கேளுங்க."

அனுப்பினான். நாள் 36, காலை, கச்சானிலிருந்து:

"ரொசிட்டாக்கா, நீங்க பேசினது கேட்டுச்சு. ஜன்னலுக்கு என்னால வர முடியாதுக்கா. இங்க மின்கலம் செத்துப் போச்சு. ஆக்சிஜன் எந்திரம் நின்னுட்டு. உருளையில நாலு நாளைக்கு இருக்கு. சுக்கானும் ஒறஞ்சி கெடக்கு. நீங்க கெழக்க ஓடி வந்தா ஒங்க ஜன்னல் நனையாது, ஒன்றரை நாள்ல வந்துரலாம். முடிஞ்சா வாங்க. முடியலன்னா மனசுல வச்சுக்காதீங்க. இனிமே பேச மின்சாரம் இல்லக்கா, கேக்க மட்டும் வச்சிருக்கேன். போயிட்டு வாரேன்."

மாலை 15:45

எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். தெருமுனைக் கடைக்குக் கிளம்பினாலும் சரி, கப்பல் ஏறினாலும் சரி, போயிட்டு வாரேன்தான். வாசலில் நின்று 'போறேன்' என்று சொன்னால் வாயைக் கழுவச் சொல்வார்கள். அவன் அந்த நிலையிலும் முறைப்படிதான் சொல்லியிருக்கிறான். 'போயிட்டு' இரைச்சலில் போய்விட்டது. 'வாரேன்' மட்டும் வந்து சேர்ந்தது. அவன் 'போறேன்' என்று சொல்லியிருந்தால் அது என் காதில் விழுந்திருக்கும்.

நான் அன்றே கிழக்கே கிளம்பியிருந்தால் நாள் 37 மாலை அவனிடம் இருந்திருப்பேன். ஜன்னல் ஒரு சொட்டு ஒழுகியிருக்காது. என்னிடம் ஆக்சிஜன் இருக்கிறது. அவனிடம் பசை இருக்கிறது.

கேட்க மட்டும் வைத்திருந்திருக்கிறான். நாள் 38, 39, 40. நான் பேசியதெல்லாம் அவன் கேட்டிருப்பான்.

அழுகை வரவில்லை. வரும் என்று உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. பசித்தது. ஒரு பொட்டலம் சோறு சூடாக்காமல் தின்றேன்.

மாலை 16:10

கோள் மறையுமுன் சுயம்பு மறுபடி பேசினான்.

"அக்கா, நம்மகிட்ட வேற படகு கெடையாது. அடுத்த கப்பல் வர மூணு மாசம் ஆகும். கச்சான்ல பசை இருக்கும், அத எடுத்து எப்படியாவது ஜன்னலப் போட்டு வந்துருங்க. அண்ணன அங்கயே விட்டுருங்கக்கா. தலைவர் சொல்லச் சொன்னாங்க."

என் ஆக்சிஜன் எந்திரம் ஓடுகிறது. ஆனால் இந்தக் கசிவோடு இன்னும் இருபது நாள் தாங்கினால் அதிகம். பசையை எடுக்கலாம். நட்டை யார் பிடிப்பது என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பாய் விரித்தேன். கிழக்கே.

பயணநாள் 44, காலை 07:30

ஒன்றரை நாள், அவன் சொன்ன கணக்கு சரி. வழியெல்லாம் ஜன்னல் மேலே தூக்கிக்கொண்டு காய்ந்தே இருந்தது. மீத்தேன் பூஜ்யம். சூடேற்றியை முழுக்க ஓட்டினேன். இந்தப் பயணத்திலேயே சுகமான ஓட்டம் இதுதான். சுகமாக இருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

கச்சான் மூட்டத்துக்குள் திடீரென்று தெரிந்தது. பாய் உறைந்து தகடு மாதிரி நிற்கிறது. சுக்கான் அசையவில்லை. உள்ளே வெளிக்குளிர்தான், படகை இனி ஓட்ட முடியாது. ஜன்னல் இரண்டும் புதிது மாதிரி இருக்கின்றன.

கொம்பையா வானொலிப் பலகைக்கு முன்னால் விண்ணுடையோடு உட்கார்ந்திருந்தான். உருளையின் முள் பூஜ்யத்தில். தலை பலகையின்மேல் சாய்ந்திருந்தது. வலது கை ஒலிக்குமிழைப் பிடித்தபடியே உறைந்திருந்தது. குமிழ் கடைசி வரை திருகியிருந்தது, முழுச் சத்தத்தில்.

ஏரியல் சுத்தமாகத் துடைத்திருக்கிறது.

பசை இரண்டு டப்பா எடுத்தேன். ஜன்னலிலிருந்து ஒரு போல்ட் கழற்றினேன். அவன் கையைக் குமிழிலிருந்து எடுக்க முடியவில்லை. குமிழைக் கழற்றினேன். விரல்கள் அப்படியே இருந்தன, தம்ளரைப் பிடித்த மாதிரி, நடுவில் இடைவெளியோடு.

அந்த இடைவெளியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயணநாள் 45, காலை 09:00

செய்ததை வரிசையாக எழுதுகிறேன். யார் என்ன நினைத்தாலும் சரி.

இங்கே எந்தப் பொருளும் நம்மூர் எடையில் ஏழில் ஒரு பங்குதான். விண்ணுடையோடு அவனைத் தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தோளில் போட்டுக் கொண்டலுக்குக் கொண்டுவந்தேன். அறைக் காற்றை வெளியேற்றினேன். உள்ளே முழுக் குளிர். சட்டத்தைக் கழற்றி, கச்சானின் பசையைத் தடவி, திரும்பப் பொருத்தினேன். அவனை இடப்பக்க ஜன்னலுக்குக் கீழே உட்கார வைத்தேன். முதுகு இருக்கையில், முழங்கை படகின் விலாக்கட்டையில் முட்டுக் கொடுத்து. ஸ்பேனரை விரல்களுக்கு நடுவில் செருகினேன். கொஞ்சம் தளர்வாக இருந்தது, துணியை மடித்து வைத்து அடைத்தேன். ஸ்பேனரின் வாயை முதல் நட்டில் மாட்டினேன். வெளியே போனேன்.

திருகினேன். நட்டு அசையவில்லை.

இரண்டாவது நட்டுக்கு உள்ளே வந்து அவனை ஒரு சாண் தள்ளி உட்கார வைத்தேன். வெளியே போனேன். திருகினேன். பிடித்தான். மேல்வரிசைக்கு அவனுக்கு அடியில் உணவுப்பெட்டியை வைத்தேன். அதற்கும் மேலே ஒரு பெட்டி. அவன் தலை ஒவ்வொரு முறையும் என் பக்கமாகவே திரும்பிக்கொண்டது. ஒரே நிலையில் உறைந்த உடம்பு, நான் வைக்கிற கோணம் அப்படி. வேறொன்றும் இல்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். பன்னிரண்டு போல்ட். ஒருமுறைகூட நழுவவில்லை. எதையும் முழுக்க இறுக்கவில்லை. பசை எல்லா விளிம்பிலும் ஒரே அளவாகப் பிதுங்கி நின்றது. இவ்வளவு ஒழுங்காக நாங்கள் சேர்ந்து ஒரு வேலையும் செய்ததில்லை. உயிரோடு இருந்திருந்தால் பாதியில் எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துக் கெடுத்திருப்பான்.

பயணநாள் 45, மாலை 18:30

பசை சூட்டில்தான் இறுகும். அறையில் காற்றை நிரப்பிச் சூடேற்றியைப் போட வேண்டும். அதற்கு முன்னால் அவனை வெளியே கொண்டு போயிருக்க வேண்டும். ஸ்பேனர் வேறு அவன் கையில்.

கொண்டு போகவில்லை. நாலு நாள் குளிரில் உட்கார்ந்து காத்திருந்தவனைக் கொஞ்ச நேரம் சூட்டில் வைத்தால் என்ன என்று நினைத்தேன். காரணம் அவ்வளவுதான்.

சூடேற்றியைப் போட்டேன். மைனஸ் நூறு. மைனஸ் நாற்பது. பூஜ்யம். விண்ணுடை மேலெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்து, பிறகு ஈரமானது. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை. பேசியதெல்லாம் போதும்.

பயணநாள் 46, காலை 06:50

ஸ்பேனர் தரையில் விழுந்த சத்தத்தில் விழித்தேன். விரல்கள் விரிந்திருந்தன.

சரி கொம்பையா, விடு, போதும் என்று சொன்னேன்.

பசை இறுகியிருந்தது. இறுகின பசை போல்ட்டை வெளியே பிடித்துக்கொள்ளும். அதனால் கடைசி அரைச் சுற்றை உள்ளிருந்து ஒரு ஆளே கொடுத்துவிடலாம். கொடுத்தேன்.

அவனை வெளியே எடுத்துப் போய்ப் பாய்மரத்தின் அடியில் படுக்க வைத்து, உபரிப் பாயைப் போர்த்திக் கட்டினேன். தலைவர் சொன்னதைக் கேட்கப் போவதில்லை. அவன் விண்ணுடையின் முகக்கண்ணாடியைத் துடைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். கேட்டதாக எழுதி வைக்கிறேன்.

படகைத் திருப்பினேன். மேற்கே.

பயணநாள் 48, காலை 11:05

மேற்கே ஓடுகிறேன். படகு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஜன்னல் கடலுக்குள். கண்ணாடிக்கு வெளியே கரும்பழுப்பாகத் திரவம் ஓடுகிறது. கீழ் மூலையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன், மணிக்கொரு தடவை. காய்ந்திருக்கிறது. மீத்தேன் பூஜ்யம். உள்ளே பதினெட்டுப் பாகை. விரல்நுனியில் இன்னும் உணர்ச்சி வரவில்லை.

கோள் மேலே வந்தது. சுயம்பு பேசினான். பின்னால் நிறையப் பேர் நிற்கிற சத்தம்.

"அக்கா, படகு நகருறது திரையில தெரியுது. ஜன்னல் சரியாயிட்டாக்கா? எல்லாரும் இங்கதான் நிக்காங்க. நீங்க வாரீங்களா? ஒரு வார்த்த ஒங்க வாயால சொல்லுங்கக்கா."

பொத்தானை அழுத்தினேன். சொல்ல வாயெடுத்தேன். சின்னச் சொல்தான், பிறந்ததிலிருந்து சொல்கிற சொல். வாயில் வரவில்லை. இரைச்சல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவன் அக்கா, அக்கா என்று கூப்பிட்டான்.

படகு இருக்கும் இடம், திசை, வேகம் மூன்றையும் எண்ணாகச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அணைத்துவிட்டேன்.